சொறியும் குட்டிக்கு எவ்வுணவு?

நாய்க்குட்டி ஓயாது சொறியத் தொடங்கினால், வீட்டார் முதலிற் பழிப்பது அதன் உணவையே. உடனே கடைக்குச் சென்று, 'இயற்கையானது' என்று கொட்டை எழுத்திற் பொறித்த உலர் உணவுப் பொதியொன்றை விலை கூடினும் வாங்கி வருகின்றனர். இரண்டு கிழமை சென்றும் சொறி தீர்வதில்லை. வேறொரு பொதி வருகின்றது, அதுவும் பயன்படுவதில்லை. ஈற்றிலே, 'இந்தச் சொறிநாய் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது' என்ற பேச்சு எழுகின்றது. வாயில்லாச் சீவன் ஒன்று தெருவுக்குப் போவதற்கு அப்பேச்சே போதும்.

சொறியெல்லாம் உணவினால் வருவதன்று. எமது போன்ற வெப்ப நாடுகளிலே தெள்ளுக்கடி அதற்குப் பெருங்காரணம். கண்ணுக்குப் புலனாகாத சிறு பூச்சிகளாலும் பூஞ்சணத்தாலும் குட்டிகளுக்குச் சொறி உண்டாவதுண்டு. மிருக வைத்தியர் இவற்றைச் சோதித்து நீக்கிய பின்னரே உணவின்மேல் ஐயங்கொள்ளல் தகும்.

இனி, 'இயற்கை' என்னும் சொல்லைப் பார்ப்போம். செயற்கைச் சாயமும் அத்தகைய பிறவும் சேர்க்கப்படவில்லை என்பதற்கு மேல் அது எதனையும் உணர்த்துவதில்லை. மாட்டிறைச்சி இயற்கைதான்; பாலும் கோழியும் கோதுமையும் இயற்கைதான். ஆயினும், 2016 இல் வெளியான ஆய்வுத் தொகுப்பொன்றில், உணவு ஒவ்வாமையுள்ள நாய்களுள் நூற்றுக்கு 34 மாட்டிறைச்சியாலும், 17 பாற்பொருளாலும், 15 கோழியாலும், 13 கோதுமையாலும் துன்புற்றமை காணப்பட்டது. தானியமே பகையென்று கருதித் 'தானியமற்ற' உணவை நாடுவோரும் உளர். பட்டாணியும் பருப்பும் மிகுந்த அத்தகைய உணவுகளுக்கும் நாய்களின் இருதய நோய்க்கும் தொடர்புண்டோ என அமெரிக்க அரசு 2018 இல் ஆராயப் புகுந்தது. ஐயந்திரிபறக் காரணம் நிறுவப்படவில்லை; எனினும், தேவையின்றி அவ்வழிச் செல்வானேன்?

வினாத்தாளின் மறுபக்கத்தையும் புரட்டிப் பார்க்குமாறு வகுப்பிலே மாணவர்க்குக் கூறிக் கூறி அலுத்தவன் யான். இங்கும் அதுவே கூறுவேன். பொதியின் முன்புறத்தில் ஆட்டின் படமிருக்கும். பின்புறத்துச் சிற்றெழுத்திலே கோழிக் கொழுப்பும் கோழித் தூளும் ஒளிந்திருக்கும். சேர்பொருள்கள் நிறையின் வரிசைப்படி எழுதப்படுகின்றன. குட்டி இதுவரை உண்டறியாத ஒரே இறைச்சியை உடையதாய், வளரும் குட்டிக்கு உரியதெனக் குறிக்கப்பட்டதாய் உள்ள உணவைத் தெரிக. பேரினக் குட்டியாயின், சுண்ணாம்புச் சத்து மிகுந்தால் எலும்பு பழுதுறும். ஆதலால் அவ்வினத்துக்கென்றே செய்ததைக் கேட்டு வாங்குக. புரதத்தை மிக நுண்ணிதாக உடைத்துச் செய்த உணவும் உண்டு. அதனை வைத்தியரின் சொற்படி கொடுத்தல் நன்று.

புதிய உணவுக்கு ஒரு கிழமையளவில் மெல்ல மெல்ல மாற்றி, பின் எட்டுக் கிழமை அதனையன்றி வேறெதுவும் கொடாதிருத்தல் வேண்டும். தவறுவது இங்கேதான். அம்மம்மா இரங்கி இடும் தயிர்ச்சோறும், பிள்ளை மேசையின் கீழ் நீட்டும் பிஸ்கற்றும் முழு முயற்சியையும் வீணாக்கிவிடும். வெள்ளிக்கிழமை மரக்கறிச் சமையலாயிற்றே, அதில் என்ன தீங்கு என்பாரும் உளர். தயிரும் பாற்பொருளே; கறியிலுள்ள வெங்காயமோ நாய்க்கு நஞ்சு. இறைச்சிச் சுவையூட்டிய மருந்துக் குளிசைகளையும் வைத்தியரிடம் சொல்லி மாற்றுவித்தல் வேண்டும். பொதியைச் சிறிதாக வாங்கி, காற்றுப் புகாத தகரப்பேணியில் இறுக மூடி வைக்க. ஈரக்காற்றுப் பட்ட உணவிலே தோன்றும் நுண்பூச்சிகளும் ஒவ்வாமையைத் தூண்டவல்லன.

எட்டுக் கிழமையிற் சொறி தணிந்தால், பழைய உணவை மீண்டும் கொடுத்துப் பார்த்தல் வேண்டும். ஏறக்குறைய இரண்டு கிழமைக்குள் சொறி திரும்புமாயின் குற்றவாளி அகப்பட்டான். திரும்பாவிடின் உணவின்மேற் பழியில்லை. வீட்டுத் தூசியையும் வெளியிலுள்ள மகரந்தத்தையும் பற்றி வைத்தியரோடு பேச வேண்டியதுதான்.