பழைய லோடு வண்டிக்கு ஆயில் கூலர் தேவையா?

சரக்கேற்றி வரும் பழைய பிக்கப் வண்டியில் கருகல் வாடை அடித்தால், "கியர் பாக்ஸுக்குத் தனியாக ஓர் ஆயில் கூலர் மாட்டிவிடுங்கள்" என்று யோசனை சொல்வோர் உண்டு. அந்தச் செலவில் இறங்குமுன் வணிக நண்பர்கள் சற்றே நிதானிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

கூலர் வீண்பொருள் அல்ல. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் எஞ்சினின் விசையைக் கியருக்குக் கடத்துவதே ஆயில்தான். பாரத்தோடு மேடேறினால் அது சூடேறிக் கெடும். ரேடியேட்டருக்கு முன்னால் கூலர் வைத்தால் காற்றில் ஆறும். நம்மிடமுள்ள பழைய வண்டிகளோ பெரும்பாலும் கையால் கியர் போடுபவை. அவற்றில் அப்படிக் கருகுவது பெரும்பாலும் கிளட்ச் பிளேட். அது ஆயிலில் ஓடுவதில்லை. கூலர் அதற்கு உதவாது.

ஆகவே முதலில் கிளட்சைச் சரிபாருங்கள். கியர் ஆயில் குறைந்திருந்தால் ஒழுக்கை அடைத்து நிரப்புங்கள். மேட்டில் அரைக் கிளட்சில் வண்டியை நிறுத்தி வைக்க வேண்டாமென ஓட்டுநரிடம் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆர்.சி.யில் குறித்த எடைக்கு மேல் ஒரு மூட்டையும் ஏற்றாதீர்கள். "ஒரே நடையில் முடியட்டும்" என்ற எண்ணமே வண்டியைக் கெடுக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அதிகச் சுமைக்கு அபராதம் ரூ.20,000; கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ.2,000. இரண்டாம் நடைக்கான டீசல் அதைவிட மலிவு என்பதே எமது கருத்து.