அபராதம் கட்டினால் முடிந்ததா?



தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் நின்று பாருங்கள். படகுகள் கரை சேரும், ஏலம் தொடங்கும், அந்த இரைச்சலுக்கிடையே குமரிக் கடற்கரைத் தமிழ் கணீரென்று காதில் விழும். அங்கேதான், ஒரு தேநீர்க்கடை வாயிலில், அந்த அண்ணாச்சியைச் சந்தித்தேன். பெயர் வேண்டாம், குளச்சல் பக்கத்துக்காரர், விசைப்படகுத் தொழிலாளி என்பது போதும்.

“தம்பி, நீங்க படிச்ச பிள்ளை. இந்தக் காகிதத்துல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க” என்றார். பார்த்தேன். வளைகுடா வேலைக்காக அவர் கேட்டிருந்த போலீஸ் நற்சான்று மறுக்கப்பட்டிருந்தது. காரணம், பல ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு கைகலப்பு.

“அன்னைக்கே நூறு ரூபா கட்டி முடிச்சாச்சே தம்பி!”

முடியவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டிய நூறு ரூபாய் அது. சட்டத்தின் ஏட்டில் அவர் தண்டனை பெற்றவர். ‘ஒப்புக்கொண்டுவிடு, அலைச்சல் மிச்சம்’ என்று சொல்ல அன்று ஆள் இருந்தது. ஒப்புக்கொண்டால் பின்னால் என்ன வரும் என்று சொல்லத்தான் ஒருவருமில்லை!

இங்கிலாந்தில் 1974-ஆம் ஆண்டிலேயே குற்றவாளிகள் மறுவாழ்வுச் சட்டம் வந்துவிட்டது. அபராதத் தண்டனை அங்கே இன்று ஓராண்டில் காலாவதியாகிவிடும். பிறகு பெரும்பாலான வேலைகளுக்கு அதைச் சொல்லவே வேண்டியதில்லை. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகள் பழைய பதிவுகளைத் துடைப்பதற்கென்றே இலவச உதவி மையங்கள் நடத்துகின்றன. நம் நாட்டிலோ, 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம் சிறுவர்களின் பதிவுகளைப் பெரும்பாலும் அழிக்கச் சொல்கிறது. வயது வந்தோர்க்கு அப்படியொரு பொதுச் சட்டம் இல்லை.

அப்படியானால் வழியே இல்லையா? உண்டு. 1958-இல் வந்த குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். முதன்முறை தவறிய ஒருவரை, சிறு குற்றமாயின், எச்சரித்தோ நன்னடத்தைப் பிணை பெற்றோ நீதிமன்றம் விட்டுவிடலாம். குற்றத்தீர்ப்பு அழியாது, ஆயினும் அதனால் வரும் சட்டப்படியான தகுதியிழப்பு அவர்மேல் ஒட்டாது என்கிறது 12-ஆம் பிரிவு. அறுபது ஆண்டு கடந்த சட்டம்! ஆனால் அதைக் கேட்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றால்தானே கேட்க முடியும்? அதனால்தான் சொல்கிறேன்: விழுந்த கறையைத் துடைக்கும் மையம் வேண்டும், கறை விழுமுன் கையைப் பிடிக்கும் மையம் அதைவிட முன்னால் வேண்டும்.

‘அடிதடிக்காரனுக்கு நமக்கென்ன உதவி?’ என்று விடுதி நண்பர் ஒருவர் கேட்டார். அவரே சென்ற ஆண்டு ஊர்வலத்தில் முழக்கமிட்டவர்தாம்! அவருக்காகவும் உச்சநீதிமன்றம் 2016-இல் அவதார் சிங் வழக்கில் பேசியிருக்கிறது: இளவயதில் முழக்கமிட்டது போன்ற அற்ப வழக்கை ஒருவர் விண்ணப்பத்தில் மறைத்திருந்தாலும், வேலை தருவோர் அதைப் பொருட்படுத்தாமல் விடலாம். நமக்கொரு நீதி, படகுக்காரர்க்கொரு நீதியா?

பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, இந்தக் கொச்சியிலேயே 2014-இல் கண்மூடிய நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், 1973-இல் சட்ட உதவிக் குழுவின் தலைவராக இருந்து, ஏழையின் வாசலுக்கு நீதி செல்லவேண்டும் என்று அறிக்கை தந்தார். பின்னர் 1987-இல் சட்டப்பணி ஆணையங்களுக்கான சட்டம் பிறந்தது. 1995-இல் நடைமுறைக்கு வந்தது. பல்கலைக்கழகங்களிலும் சட்டக் கல்லூரிகளிலும் சட்ட உதவி மையங்கள் அமைய வழிகாட்டவேண்டும் என்பது அதிலேயே எழுதப்பட்டுள்ளது. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் இருப்போர் ஆகியோர்க்கு வருமானக் கணக்கே கேட்காமல் வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசினால் போதும். துறைமுகத்தில் நான் கேட்ட பதினோரு பேரில் ஒருவருக்கும் அந்த எண் தெரியவில்லை.

நம் சங்கம் பொங்கல் விழா நடத்துகிறது, பட்டிமன்றம் நடத்துகிறது; நல்லதுதான். மாதம் ஒரு ஞாயிறு, சட்டம் படிப்போர் நால்வரும் மலையாளம் எழுதத் தெரிந்தோர் நால்வரும் துறைமுகத்தில் ஒரு மேசை போட்டு உட்காரக் கூடாதா? வாதாடுவது நம் வேலையன்று. காகிதத்தைப் படித்துச் சொல்லவும், மனு எழுதித் தரவும், சட்டப்பணிக் குழுவின் வழக்கறிஞரிடம் அழைத்துச் செல்லவும் நம்மால் முடியும்.

அண்ணாச்சி தீர்ப்பின் நகலுக்கு மனுப் போட்டிருக்கிறார். அது கைக்கு வந்தபின், காலதாமதத்தைப் பொறுக்குமாறு வேண்டி உயர்நீதிமன்றத்தில் மறுசீராய்வு கேட்க இடமுண்டா என்று வழக்கறிஞர் பார்த்துச் சொல்வார். வரும் ஞாயிறு விடியுமுன் நான் மீண்டும் தோப்பும்படிக்குப் போகிறேன். மலையாளம் தெரிந்த இருவர் உடன் வந்தால் நல்லது.