வி.பி.என் நின்னா டவுன்லோடும் நிக்குதா?

குடும்ப போட்டோக்களைச் சேர்த்துவைக்க வீட்டு வைஃபையில் ஒரு 'நாஸ்' பெட்டி வெச்சிருக்கேன். உபுண்டு மாதிரி பெரிய ஃபைல்களை டாரன்ட்டில் இறக்க, அதுலயே டாக்கர் மூலமா க்யூபிட்டாரன்ட் போட்டேன். டாரன்ட்டில் நம்ம ஐ.பி முகவரி, அதே ஃபைலை இறக்குற எல்லாருக்கும் தெரியும். அதனால வி.பி.என்-னுக்குத் தனியா 'குளூட்டன்' கன்டெய்னர்.

ஒரு வாரம் நிம்மதி. அப்புறம் சோதிச்சா, வெளியே தெரிஞ்சது என் வீட்டு ஐ.பி!

ரெண்டும் பக்கத்துல பக்கத்துல ஓடினா போதாது மக்களே. க்யூபிட்டாரன்ட்டுக்குச் சொந்த நெட்வொர்க்கே இருக்கக் கூடாது. குளூட்டன் வழியாத்தான் போகணும். கம்போஸ் ஃபைலில் 'நெட்வொர்க் மோட்'னு ஒரே வரி. வி.பி.என் அறுந்தா குளூட்டனோட ஃபயர்வால் கதவைச் சாத்திடும். க்யூபிட்டாரன்ட் பக்கத்தைத் திறக்குற போர்ட்டையும் குளூட்டனுக்கு மாத்துங்க. இதை மறந்துட்டு அரைமணி நேரம் முழிச்சேன்.

வி.பி.என் இருந்தா மாயமாகிடுவோம்னும் இல்ல. வாடிக்கையாளர் விவரங்களை 5 வருஷம் வெச்சிருக்கணும்னு வி.பி.என் நிறுவனங்களுக்கு 2022-லயே செர்ட்-இன் உத்தரவு போட்டாச்சு.

இன்னிக்கே குளூட்டனை ஒரு நிமிஷம் நிறுத்திப் பாருங்க. டவுன்லோடு அப்பவும் ஓடுதுன்னா, அந்த வரியைத் தேடுங்க. திரும்ப ஓடவிட்டதும் க்யூபிட்டாரன்ட்டையும் ரீஸ்டார்ட் பண்ணிடுங்க.