ரோட்டு யாருக்குச் சொந்தம்?

நமது பட்டணங்களில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவன் காலையில் வீட்டைவிட்டுப் புறப்பட்டால், மாலையில் முழுசாகத் திரும்புவான் என்பதற்கு எவ்வித உத்தரவாதமும் கிடையாது. மோட்டார்காரன் முதுகுக்குப் பின்னால் வந்து ஹாரன் அடிக்கிறான். பஸ்காரன் ஸ்டாப்பைக் கண்டதும் இடப்பக்கமாக அணைத்து நெருக்குகிறான். ஓரத்தில் நிறுத்திய காருக்குள் இருப்பவன் திரும்பிப் பாராமலேயே கதவைத் திறக்கிறான். இவ்வளவுக்கும் தப்பிப் பிழைத்துப் போகிறவனைப் பார்த்து, "வீட்டில் சொல்லிவிட்டு வந்தாயா?" என்று கேட்கிறார்கள். கேட்கிறவன் யாரென்றால், இடித்துத் தள்ளியிருக்க வேண்டியவன்!

2022 இல் இந்தியாவில் ரோட்டு விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சர்க்கார் கணக்கே சொல்லுகிறது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 17,884. அந்த வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடே முதலிடம், 64,105. செத்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர மோட்டாரில் போனவர்கள். நூற்றுக்கு 19 பேருக்கு மேல் கால்நடையாகப் போனவர்கள். அதாவது, தன்னைச் சுற்றி இரும்புக் கூடு இல்லாதவன்தான் பெரும்பாலும் சாகிறான். சைக்கிள்காரனுக்கும் அந்தக் கூடு கிடையாது.

காரணம் என்னவென்று கேட்டால், "அவன் விதி முடிந்தது, போய்விட்டான்" என்கிறார்கள். விதி என்பது உண்மையானால், மோட்டார் வைத்திருக்கிறவன் மற்றவனுக்கு ஏற்படும் நஷ்டத்திற்காகக் கட்டாயம் இன்ஷ்யூரன்ஸ் செய்ய வேண்டும் என்று 1988 ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் ஏன் சொல்ல வேண்டும்? தலையெழுத்துக்குப் பிரீமியம் வசூலிக்கும் கம்பெனி எங்கேயாவது உண்டா? புது வண்டி வாங்கினால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார்கள். ஆயுத பூஜை நாளில் நடுரோட்டில் பூசணிக்காய் உடைக்கிறார்கள். அந்தச் சதையிலும் தோலிலும் வழுக்கி விழுகிறவன் இரண்டு சக்கரத்துக்காரன். ஒருவன் வண்டிக்குத் திருஷ்டி கழிக்க மற்றொருவன் முழங்கால் உடைய வேண்டும் என்பது எந்தச் சாஸ்திரம்?

நிற்க, விபத்துக்கு உண்மையான காரணம் வேகம். இதில் மர்மம் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் கணக்கே. மணிக்கு 30 கிலோமீட்டரில் போகிற வண்டி ஒரு செக்கண்டில் ஏறக்குறைய 8 மீட்டர் ஓடும். 60 இல் போகிற வண்டி அதே செக்கண்டில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடும். கண் பார்த்து, மூளைக்கு எட்டி, கால் பிரேக்கை அழுத்துவதற்கே ஒரு செக்கண்டு ஆகிவிடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் மோதும் சக்தி நான்கு மடங்காகும். அதனாலேயே நடப்பவரும் சைக்கிள்காரரும் மோட்டாரும் கலந்து போகும் இடங்களில் 30க்கு மேல் போகக் கூடாது என்று 2020 இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக மகாநாட்டில் தீர்மானித்தார்கள். நம்மவர்களோ குறுகலான தெருவில்கூட, இடம் கிடைத்தால் ஐம்பது அறுபது என்று போவதையே சாமர்த்தியம் என்று எண்ணுகிறார்கள்.

"சைக்கிளுக்கு ரோட்டு வரி உண்டா? வரி கட்டாதவனுக்கு ரோட்டில் என்ன பாத்தியதை?" என்று சில படித்தவர்களும் கேட்கிறார்கள். நமது ஊர்களில் சைக்கிளுக்கு வரி வாங்கி வில்லை கொடுத்த காலமும் ஒன்று இருந்தது. அப்போது மட்டும் இவர்கள் வழிவிட்டார்களா? அன்றியும், வீட்டு வரியிலும், கடையில் வாங்கும் ஒவ்வொரு சாமானின் மீதுள்ள வரியிலும் சைக்கிள்காரன் கொடுத்த காசு இல்லையா? உண்மையைச் சொல்லப்போனால், இங்கிலாந்தில் ரோட்டைச் செப்பனிட வேண்டும் என்று 1886 இலேயே சங்கம் வைத்துக் கிளர்ச்சி செய்தவர்கள் சைக்கிள்காரர்களே. ஜெர்மனியில் பென்ஸ் என்பவர் தமது மோட்டார் வண்டிக்குப் பேடண்டு கேட்டதும் அதே வருஷத்தில்தான். அந்த வண்டிக்கு இருந்தவையும் சைக்கிளைப் போன்ற கம்பிச் சக்கரங்கள்தாம்!

இவற்றையெல்லாம்விட நமக்குக் கவலை தருவது வேறொன்று. கல்கத்தாவில் 2013 இல் 174 ரோட்டுகளில் சைக்கிள் போகக் கூடாது என்று போலீசார் தடை போட்டார்கள். மெதுவாகப் போகிற வண்டி மற்ற வண்டிகளைத் தடுக்கிறதாம். பால்காரனும் பேப்பர் போடுகிறவனும் சந்து சந்தாகச் சுற்றிப் போக வேண்டும், மீறினால் அபராதம். காருக்குள் ஒற்றை ஆளாக உட்கார்ந்து நாலு பேர் இடத்தை அடைத்துக்கொண்டு போகிறவன் யாரையும் தடுக்கவில்லையாம்!

பொது ரோட்டில் இன்னார் போகலாம், இன்னார் போகக் கூடாது என்ற பேச்சைக் கேட்டால் நமது மக்களுக்குப் பழைய ஞாபகம் வராமல் இருக்க முடியாது. வைக்கத்தில் 1924 இல் கிளர்ச்சி நடந்ததே ரோட்டில் நடப்பதற்காகத்தான். நமது கிராமங்கள் பலவற்றில், சேரியிலிருந்து வருகிற வாலிபன் மேல்ஜாதித் தெரு வந்தவுடன் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்ற கொடுமை இருந்ததை அறியாதவர் யார்? ஜாதிக் கொடுமையும் போலீஸ் உத்தரவும் ஒன்று என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் "பெரியவன் வருகிறான், நீ ஒதுங்கு" என்கிற புத்தி இரண்டிலும் இருக்கிறதா இல்லையா? அங்கே பிறப்பைக் காட்டிப் பெரியவன் என்றான். இங்கே வண்டியின் விலையைக் காட்டுகிறான்.

சைக்கிள் என்பது அற்ப சாமானும் அல்ல. புதுக்கோட்டையில் 1991 முதல் அறிவொளி இயக்கத்தார், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அம்மையாரின் உதவியோடு கிராமப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தார்கள். கல் குவாரியில் வேலை செய்த பெண்கள் முதற்கொண்டு ஆயிரக்கணக்கானோர் ஓட்டினார்கள். புருஷனையும் பஸ்ஸையும் எதிர்பாராமல் சந்தைக்கும் வேலைக்கும் போனார்கள். இன்று பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சர்க்காரே இலவசமாகச் சைக்கிள் கொடுக்கிறது. ஒரு கையால் சைக்கிளைக் கொடுத்துவிட்டு, அது ஓடுவதற்கு ரோட்டில் இரண்டு முழம் இடம் விடாவிட்டால் அதற்கு என்ன அர்த்தம்?

இது தீராத வியாதி என்று சொல்பவர்கள் ஹாலந்து தேசத்தைப் பார்க்கட்டும். அங்கே 1971 இல் ரோட்டில் மாண்டவர்கள் 3,000 பேருக்கு மேல். அவர்களில் 400க்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். "குழந்தைக் கொலையை நிறுத்து" என்று தாய் தகப்பன்மார் தெருவில் இறங்கினார்கள். சைக்கிளுக்குத் தனிப் பாதை போட்டார்கள். குடியிருப்புத் தெருக்களில் வேகத்தைக் குறைத்தார்கள். 14 வயதுக்குட்பட்ட குழந்தை சைக்கிளில் அடிபட்டால் நஷ்டம் முழுவதையும் மோட்டார்காரன் தரப்பே ஏற்க வேண்டும் என்பது அங்குள்ள நியாயம். 2023 இல் மாண்டவர்கள் 684 பேர். இதற்கு எந்தச் சாமியும் உதவி செய்யவில்லை.

சைக்கிள்காரத் தோழர்களுக்கும் நாம் ஒன்று சொல்ல வேண்டும். எதிர்த் திசையில் ஓட்டுவதும், இரவில் விளக்கில்லாமல் போவதும் வீரமல்ல. சிக்னலில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் இடப்பக்கத்தில் போய் நிற்கவே கூடாது. அது இடதுபுறம் திரும்பும்போது டிரைவர் கண்ணுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். காரோட்டிகளோ வலப்பக்கக் கதவை இடது கையால் திறந்து பழகட்டும். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருகிறவன் கண்ணில் படுவான். இதற்குப் பணச் செலவு ஒன்றுமில்லை.

கடைசியாக, சென்னைக் கார்ப்பரேஷன் 2014 இல் ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்காக ஒதுக்கும் பணத்தில் நூற்றுக்கு 60 பங்காவது நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் செலவு செய்வதென்று அதில் கண்டிருக்கிறது. 2019 இல் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலப்படுத்தினார்கள், நல்ல காரியம்தான். ஆனால் சைக்கிள்காரன் பாண்டி பஜாரிலா குடியிருக்கிறான்? வியாசர்பாடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் வேலைக்கு வருகிறவனுக்கு அந்த 60 இல் எவ்வளவு வந்தது? அடுத்த தடவை கவுன்சிலர் ஓட்டுக் கேட்க வரும்போது, மாலை போடுவதற்கு முன் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.