ரூல்ஸ் பெட்டி கொஞ்சம் பெரிதாக



தையல் மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விடக்கூடாது என்று சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். அது காய்ந்து பசையாகி மெஷினை இறுக்கிவிடும் என்பதை வாசித்துவிட்டு மூன்று நான்கு பேர் "எங்கட மெஷின் இறுகினதுக்கு அதுதான் காரணமோ" என்று கேட்டார்கள். அதுதான். மெஷின் எண்ணெய் ஒரு சிறு போத்தல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதம் கொட்டாஞ்சேனையிலுள்ள ஒரு தங்கையின் கதை. ஜம்பட்டா வீதிக்குக் கிட்ட ஒரு பழைய வீட்டில், முன்பு கார் விடுகிற கொட்டிலாக இருந்ததை வாடகைக்கு எடுத்து, தையல் மெஷின், மின்விசிறி, சைக்கிள் எல்லாம் திருத்துகிறார். 2009 இல் முள்ளிவாய்க்கால் வரை போய், முகாமிலிருந்து வெளியே வந்து, பிறகு கொழும்பு வந்தவர். வந்தபோது அவரிடம் ஒரு ஸ்குறூ றைவர் கூட இல்லை. இப்போது இரும்புத் தட்டுகள் இரண்டு பக்கமும் விரிகிற பெட்டி ஒன்று, ஒரு பழைய பிஸ்கற் ரின், இரண்டு அரிசிச் சாக்கு நிறைய சாமான். விரிகிற பெட்டியின் ஆணி கழன்று, ஒரு தட்டு கீழே விழுந்து அவருடைய காலில் பட்டுவிட்டது. "அக்கா, பெரிய பெட்டி ஒண்டு வாங்க வேணும், வந்து பாத்துச் சொல்லுங்கோ" என்று கூப்பிட்டார்.

நான் உடனே "என்னத்துக்குப் பிள்ளை பெரிசு? தூக்கக்கூடியதா வாங்கு" என்றுதான் சொன்னேன். அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு.

எங்கள் வீட்டு ரூல்ஸ் பெட்டி கணவருடையது. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தபோது, அந்தப் பெட்டி சைக்கிள் கரியரில் கட்டியிருந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தடியில் நின்ற இடத்தில் நிற்கவேண்டி வந்தபோது, மாமி கால் நோகிறது என்றார். பெட்டியை இறக்கிவிட்டு மாமியை ஏற்றுவோமா என்று இவர் ஒருமுறை கேட்டார். மாமிதான் வேண்டாம் என்றார். சாவகச்சேரியில் ஒரு மரத்தின் கீழ் அந்தப் பெட்டியைத் திறந்து வைத்துச் சைக்கிள் திருத்தித்தான் நாங்கள் சில மாதம் சாப்பிட்டோம். பெற்றோல் தடைப்பட்டிருந்த காலம், சைக்கிள்தான் எல்லோருக்கும் வாகனம். ரியூப் ஒட்டுவதற்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். நான் பக்கத்திலிருந்து ஸ்பனர் எடுத்துக் கொடுத்துத்தான் தொழில் பழகினேன். அவர் காலமான பிறகு அதுதான் என் கையில் மிஞ்சியது.

வெள்ளவத்தைக்கு வந்த பிறகும் நான் பெட்டியைப் பெருப்பிக்கவில்லை. 2007 யூன் 7 ஆம் திகதி விடியப்புறம் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்கத்து லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்கள் எழுப்பப்பட்டு, பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். 376 பேர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து இடைக்கால உத்தரவு பிறப்பித்தது, ஆனால் அதற்குள் பஸ்கள் போய்விட்டன. சாமான் கட்டுவதற்கு அரை மணித்தியாலம் கூட இல்லை. நான் அந்த லொட்ஜ்களில் இருக்கவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து, தூக்கிக்கொண்டு போக முடியாத ஒன்றை வாங்குவது எனக்கு வீண் செலவாகவே பட்டது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நம் வீடுகளில் வயதானவர்கள் இதை 'ஆயுதப் பெட்டி' என்பார்கள். தச்சு ஆயுதம், மேசன் ஆயுதம் என்பது பழைய வழக்கம். சிங்களத்திலும் அந்தச் சொல் கிட்டத்தட்ட அப்படியேதான் ஒலிக்கும். சோதனைச் சாவடியில் அதைச் சொல்லிவிட்டு நின்ற ஒரு காலம் இருந்ததால், எங்கள் வீட்டில் எல்லோரும் 'ரூல்ஸ் பெட்டி' என்றே சொல்லப் பழகினோம். இன்றைக்கும் வாயில் அதுதான் வருகிறது.

இதையெல்லாம் அந்தத் தங்கைக்குச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "தூக்கிக்கொண்டு ஓடின பெட்டி ஒண்டும் என்னட்டை மிஞ்சேல்லை அக்கா. இப்ப ஓடுற எண்ணம் இல்லை. தூக்க ஏலாததா ஒண்டு பாப்பம்" என்றார். எனக்கு மறுமொழி வரவில்லை. சரி என்று பாயை விரித்தோம்.

பெட்டி வாங்கப் போகும் முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள். உள்ள சாமான் எல்லாவற்றையும் பாயில் கொட்டி இனம் பிரியுங்கள். எங்களுக்கு அதற்கு ஒரு பின்னேரம் முழுவதும் போயிற்று. ஸ்பனர், சொக்கற் ஒரு பக்கம். குறடுகள் ஒரு பக்கம். மெஷினுக்கான சின்ன ஸ்குறூ றைவர், பொபின் கூடு, ஊசித்தட்டு, சுருள்கள் ஒரு பக்கம். சுத்தியல், றில் மெஷின், சைக்கிள் பம்ப் ஒரு பக்கம். பார்த்தால் முக்கால்வாசிச் சாமான் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் இல்லை. ஆகவே அவருக்குத் தேவை ஆழமான பெரிய பெட்டி அல்ல, ஆழம் குறைந்த லாச்சிகள் பல உள்ள பெட்டி. ஆழமான பெட்டியில் சாமான் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவியும். வேண்டியது எப்போதும் அடியில்தான் கிடக்கும். அரிசிச் சாக்குக்கும் அதற்கும் வித்தியாசம் பூட்டு மட்டுந்தான்.

கையில் தூக்கும் பெட்டிக்கு ஓர் அளவு இருக்கிறது. இரும்புச் சாமான் நிறைந்தால் சாதாரண பெட்டியே 15 கிலோவைத் தொடும், அதற்குமேல் ஆருக்கும் நாரி பிடிக்கும். விரிகிற பெட்டியின் ஆணிகள் கழன்றதும் இந்தப் பாரத்தால்தான்.

அடுத்ததாகக் கொட்டிலை அளந்தோம். கதவு அகலம், சுவரோர இடம், லாச்சியை முழுதாக இழுத்தால் முன்னுக்கு எவ்வளவு வரும், அதற்கப்பால் ஆள் நிற்க இடம் இருக்குமா. அளவை ஒரு துண்டில் எழுதி அவர் கைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு பழைய சோனகத் தெருவுக்குப் போனோம். கொழும்பில் இரும்புச் சாமான், பம்ப், மெஷின் என்றால் அந்தத் தெருதான். வாகன உதிரிப்பாகம் என்றால் பஞ்சிகாவத்தை. முதற்கடையில் நின்ற தம்பி எங்களைப் பார்த்துவிட்டு, "அன்ரி, ஐயாவைக் கூட்டிட்டு வாங்களேன், அவரு பாத்து எடுப்பாரு" என்றான். அவன் கெட்ட பிள்ளை இல்லை. என் தங்கை ஒன்றும் பேசாமல் ஒரு லாச்சியை இழுத்து, கையால் முன் விளிம்பை அமத்தி, "இது உருளையில்லாத தண்டவாளம், பாரம் வைச்சா இறுகும். குண்டு வைச்சது காட்டு தம்பி" என்றார். அதற்குப் பிறகு அவன் ஐயாவைத் தேடவில்லை.

அவர் சொன்னது முக்கியமான விடயம். மலிவான பெட்டிகளில் லாச்சி தகரத்தில் தகரம் உரசித்தான் ஓடும். சின்னச் சாமானுக்கு அது போதும். பாரம் ஏற்றுவதானால் சின்ன உருக்குக் குண்டுகள் பதித்த தண்டவாளம் வேண்டும். ஒரு லாச்சி எத்தனை கிலோ தாங்கும் என்று கேளுங்கள். கடைக்காரர் "நல்லாத் தாங்கும்" என்று மட்டும் சொன்னால், லாச்சியை முழுதாக இழுத்து நீங்களே முன் விளிம்பை மெல்ல அமத்திப் பாருங்கள், தொங்கினால் விட்டுவிடுங்கள்.

தகரத்தின் தடிப்பைக் 'கேஜ்' கணக்கில் சொல்வார்கள். இதில் பலர் ஏமாறுவது, இலக்கம் கூடினால் தகரம் மெல்லியது என்பது தெரியாமல். 18 கேஜ் ஏறக்குறைய 1.2 மில்லிமீற்றர், 20 கேஜ் 0.9, 24 கேஜ் அரை மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டும். கேஜ் தெரியாவிட்டால் பெட்டியின் பக்கத்தை உள்ளங்கையால் அமத்துங்கள். உள்ளே போய் 'டம்' என்று திரும்பினால் அது பலகாரம் போட்டு வைக்கத்தான்.

சில்லு வைத்ததுதான் எடுத்தோம். இரண்டு சில்லு நேராகவும் இரண்டு திரும்பக்கூடியதாகவும், திரும்பும் சில்லுக்கு பிறேக்கும் இருக்கவேண்டும். சின்னச் சில்லு கடையின் ரைல்ஸ் நிலத்தில் வழுக்கிக்கொண்டு ஓடும், நம்முடைய வெடித்த சீமெந்தில் இறங்கி நின்றுவிடும். நாலு ஐந்து அங்குலச் சில்லு நல்லது. பாரமான சாமானைக் கீழ் லாச்சியில் வையுங்கள். மேலே இரண்டு லாச்சியை ஒரே நேரத்தில் இழுத்தால் பெட்டி முன்னுக்குக் கவிழும். சில பெட்டிகளில் ஒரு லாச்சி திறந்திருந்தால் மற்றது திறக்காதபடி பூட்டு அமைத்திருக்கிறார்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அப்படியானதைக் கேளுங்கள், இல்லாவிட்டால் சுவரோடு ஒரு சங்கிலி போடுங்கள். திறப்பு இரண்டு தருவார்கள், ஒன்றை வேறு இடத்தில் வையுங்கள்.

கறள் பற்றி வெள்ளவத்தைக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடற்கரை றெயில் பாதையிலிருந்து வரும் உப்புக்காற்று காலி வீதி தாண்டியும் வருகிறது. பூட்டு, பிணைச்சல், தகரம் மடித்த மூலைகள் இவைதான் முதலில் பிடிக்கும். வாங்கும்போது மூலைகளின் உட்புறத்தைப் பாருங்கள். வர்ணம் அங்கேயும் போயிருக்கிறதா? மாதம் ஒருமுறை மெஷின் எண்ணெய் தோய்ந்த துணியால் ஸ்பனர்களைத் துடையுங்கள். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பைக்கற்றுகளை எறியாமல் லாச்சிகளில் போடலாம், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல். நான் ஒரு சூடக்கட்டியும் போடுவேன். மழை வெள்ளம் வரும் வீடானால் சில்லுக்குக் கீழே கல் வைத்து உயர்த்துங்கள்.

விலையை நான் எழுதவில்லை. 2022 இல் சில மாதங்களுக்குள் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போன பிறகு, வெளியிலிருந்து வருகிற சாமானின் விலையை நம்பி ஒன்றும் எழுத முடிவதில்லை. தங்கை பத்துப் பேரோடு சீட்டுப் பிடித்து, நாலாவது மாதம் எடுத்த காசில் வாங்கினார். காசு குறைவான சகோதரிகள் அலுவலகங்கள் கழித்து விற்கிற இரும்பு லாச்சி அலுமாரியைப் பார்க்கலாம். அதன் லாச்சி ஆழமானது; மின்விசிறி, மெஷின் தலை போன்ற பெரிய சாமானுக்கு உதவும், ஸ்பனருக்கு உதவாது. அப்படியானால் உள்ளே பலகைத் தட்டு ஒன்று அடித்துக்கொள்ளுங்கள்.

ஏழு லாச்சிப் பெட்டி எடுத்தார், சிவப்பு நிறம். லொறியிலிருந்து இறக்கி வாசல் வரை உருட்டி வந்தபோது காணுக்கு மேல் போட்ட சிலாப்பில் முன் சில்லு இறங்கி நின்றுவிட்டது. நானும் அவரும், பக்கத்து வீட்டு அம்மாவும், பள்ளிக்கூடத்தால் வந்த அவருடைய மகனும் சேர்ந்து, பலகை ஒன்றைக் கொடுத்து எழுப்பினோம். எல்லாம் அடுக்கிய பிறகும் இரண்டு லாச்சி வெறுமையாக இருந்தது. "இதுக்குள்ள என்ன வைக்கப் போறாய்?" என்று கேட்டேன். "பிறகு வாங்குற சாமான் அக்கா" என்றார்.

வெளி வீடுகளுக்குத் திருத்தப் போவதற்கு அந்த விரிகிற பெட்டியை எறியவேண்டாம் என்று சொல்லி, கழன்ற ஆணிக்கு நான் ஒரு போல்ற் போட்டுக் கொடுத்தேன். என்னுடைய பெட்டி இன்னும் கட்டிலுக்குக் கீழேதான் இருக்கிறது. ஆனால் போன கிழமை வீட்டுக்காரரிடம் கீழ்க்கொட்டிலின் கதவு அகலத்தைக் கேட்டு அளந்து வைத்திருக்கிறேன். 34 அங்குலம்.