ஏஜென்ட் மெயிலுக்குப் போகும் நோட்டீஸ்

ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போன பிள்ளையின் விசா ரத்தாகிவிட்டது என்றால், ஊரில் முதலில் கேட்பது "படிக்காமல் ஊர் சுற்றினானா?" என்றுதான். அப்படிப்பட்டவர்களும் உண்டு, விசாவை வேலைக்கு வழியாக மட்டும் பயன்படுத்துவோர் மீது நடவடிக்கை எடுக்கட்டும். அவர்களோடு சேர்த்துச் சிக்கிக்கொள்ளும் மற்றவர்களைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

ஒரு மாணவருக்கு இரண்டாவது செமஸ்டருக்கான கல்விக்கடன் தவணை வங்கியில் தாமதமாகிறது. மாணவர் விசாவில், வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது. அந்தச் சம்பளத்தில் கட்டணத்தைப் புரட்டவும் வழியில்லை. கல்லூரி எச்சரிக்கிறது, முறையிட 20 வேலை நாட்கள் தருகிறது, பிறகு சேர்க்கையை ரத்து செய்து அரசின் 'பிரிஸ்ம்ஸ்' கணினியில் பதிகிறது. பதிவு பெற்ற படிப்பில் தொடர்ந்து சேர்ந்திருக்க வேண்டும் என்பது விசாவின் 8202-ஆம் நிபந்தனை. சேர்க்கை போனால் நிபந்தனை மீறல்தான்.

ஆனால் விசா அன்றே போய்விடுவதில்லை. அரசின் 'வீவோ' தளத்தைத் திறந்தால் விசா நடப்பில் இருப்பதாகவே காட்டும். காலாவதித் தேதி இன்னும் ஒன்றரை வருடம் தள்ளி இருக்கும். கீழே நிபந்தனைகளின் வரிசையில் 8202 இருக்கும். அது மீறப்பட்டுவிட்டது என்று அங்கே ஒரு வரிகூட இருக்காது. தேதியை நம்பி, அடுத்த செமஸ்டரில் சேர்ந்துகொள்ளலாம் என்று பிள்ளை இருந்துவிடுகிறது.

பிறகு, ரத்து செய்ய உத்தேசித்திருப்பதாக 1958-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 116-ஆம் பிரிவில் நோட்டீஸ் வருகிறது. விண்ணப்பத்தில் கொடுத்த மின்னஞ்சலுக்கு அனுப்பினால், அனுப்பிய நாளிலேயே கிடைத்ததாகக் கணக்கு. பதில் சொல்லப் பெரும்பாலும் ஐந்து வேலை நாட்கள்தான். விண்ணப்பத்தை நிரப்பித் தந்த ஏஜென்ட் அதில் தன் மெயில் முகவரியையே எழுதியிருந்தால்? கமிஷன் வாங்கி முடித்த ஒரு கோப்புக்கு வந்த கடிதத்தை யார் பார்ப்பார்கள்?

2013 வரை இத்தகைய விசாக்கள் தானாகவே ரத்தாகும் முறை இருந்தது. அது கொடுமை என்று எடுத்துவிட்டார்கள். இப்போது உடல்நலம், குடும்ப நெருக்கடி, மாணவரின் கைமீறிய காரணங்கள் எல்லாவற்றையும் அதிகாரி எடைபோட வேண்டும். மாணவருக்கே தகவல் போகாவிட்டால் அதிகாரி எதை எடைபோடுவார்? ரத்தானபின் தீர்ப்பாயத்துக்குப் போக மூவாயிரம் டாலருக்கு மேல் கட்டணம். பல தற்காலிக விசாக்களுக்கு மூன்று ஆண்டு தடையும் வரலாம். வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கிய கடனோ வட்டியோடு நிற்கிறது.

சேர்க்கை ரத்தான அன்றே, 'உங்கள் விசா ஆபத்தில் இருக்கிறது' என்று மாணவரின் கைபேசிக்குக் குடிவரவுத் துறை நேரடியாகச் சொல்ல வேண்டும். பிரிஸ்ம்ஸில் தகவல் இருக்கிறது. அனுப்ப மனம்தான் வேண்டும். வேறு படிப்பில் சேர 28 நாட்களாவது தர வேண்டும். நம் பக்கத்திலும் வேலை இருக்கிறது. அயலகத் தமிழர் நல வாரியம், விமானம் ஏறும் முன்பே மாணவர்களைக் கூட்டி 8202-ஐத் தமிழில் விளக்க வேண்டும். விசா கணக்கில் இருப்பது யாருடைய மெயில் என்று ஒவ்வொருவரையும் அங்கேயே திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும். வங்கிகள், செமஸ்டர் கட்டணத்தைக் கெடு தேதிக்கு முன்பே கல்லூரிக்கு அனுப்பியாக வேண்டும்.