வன வரைபடத்தில் இல்லாத லயன்கள்

நீலகிரியின் வன வரைபடத்தில் பச்சை நிறம் தாராளமாகப் பூசப்பட்டிருக்கிறது. அப்பச்சையில் எவ்வளவு இயற்கைக் காடு, எவ்வளவு தொழிலுக்காக நடப்பட்டது என்பதை அது பிரித்துக் காட்டுவதில்லை.

தொதவரின் எருமைகள் மேய்ந்த மலைப் புல்வெளிகளை ஆங்கிலேய நிர்வாகம் பயனற்ற நிலமெனக் கருதியது. 1843இல் ஆஸ்திரேலியாவின் தைல மரம் இங்கு வந்தது, சீகையும் வந்தது. விறகுக்காக அவை நடப்பட்டன. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளை அரசின் பிடிக்குள் கொண்டுவந்தது. விடுதலைக்குப் பிறகும் போக்கு மாறவில்லை. சிறுமுகை விஸ்கோஸ் ஆலையின் மரக்கூழுக்கு இம்மலை மரங்கள் வெட்டி அனுப்பப்பட்டன. ஆலைக் கழிவைப் பவானி சுமந்தது.

இவ்வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மரங்களோடு நின்றுவிடுகிறார்கள். நாம் மனிதர்களைப் பற்றியும் கேட்க வேண்டியிருக்கிறது.

1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. அவர்களை யாரும் கேட்கவில்லை. அவர்களுள் பெரும்பகுதியினர் தலித்துகள். தாயகம் திரும்பியோருக்கு வேலை தர, 1968இல் வனத்துறையே அரசுத் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. 1976இல் அது டான்டீ என்னும் கழகமாயிற்று. நிலம் வனத்துறையுடையது, உழைப்பு மட்டும் தொழிலாளருடையது. லயன் வீடும் வேலையோடு கட்டப்பட்டது. ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

2022இல் டான்டீயின் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஹெக்டேர் நிலத்தை வனத்துறையிடம் திருப்பி ஒப்படைக்க அரசு முடிவெடுத்தது. காடு மீள்வதை நாம் எதிர்க்கவில்லை. யானைக்கும் வழி வேண்டும். ஆனால் அந்நிலத்தைத் திருத்திய கைகளுக்கு அதில் என்ன உரிமை?

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தைப் புரட்டினால் விடை கிடைக்கிறது. பழங்குடியல்லாதோர், 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறைகள், அதாவது 75 ஆண்டுகள், காட்டைச் சார்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். 1930க்கு முன்பே இங்கு இருந்ததை நிறுவ வேண்டும் என்பது பொருள். 1964க்குப் பின் அரசே கப்பலேற்றி அழைத்துவந்தவர்கள் இதை எப்படி நிறுவுவார்கள்? தைல மரம் அந்தத் தகுதியை எளிதில் எட்டிவிடும்.

ஆகவே வன உரிமைச் சட்டத்தை நம்பிக் காத்திருப்பதில் பயனில்லை. அழைத்துவந்த அரசுக்குத் தனிக் கடமை உண்டு. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி லயன்களில் வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஓய்வு பெற்றோர் உட்பட, வீட்டுமனைப் பட்டா வழங்கிய பின்னரே எஞ்சிய நிலம் கைமாற வேண்டும்.